அக்கா கொடுத்த நன்கொடை

காசிமேட்டில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற அக்கா சில வாரங்களுக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினார். நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருந்த ரசீது. மீன் வாசனை நன்றாக ஏறியிருந்தது.

“தம்பி, நீ படிச்சவன்தானே. இதுல இன்னா போட்டிருக்குன்னு பாரு. இதைக் காட்டினா எதுனா துட்டு திரும்பி வருமா?”

மேலே ஓர் அறக்கட்டளையின் பெயர். நடுவில் ‘நன்கொடையாகப் பெற்றுக்கொண்டோம், ரூ.1,500’. அடியில் பொடி எழுத்தில், ‘வருமான வரிச் சட்டம் 80ஜி பிரிவின் கீழ் சலுகை உண்டு’.

நான் பி.காம். படித்தவன். ரசீது, வவுச்சர் எல்லாம் படிக்கத் தெரியும். ஆனால் இந்த ரசீது எனக்குப் புரியவில்லை. நல்ல மாதத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் பார்க்கிற மீன்கார அம்மா எதற்காக ஓர் அறக்கட்டளைக்கு ஆயிரத்து ஐந்நூறு நன்கொடை கொடுத்தார்?

“நன்கொடையா? நான் எங்க குடுத்தேன்? ஃபீஸுன்னு வாங்கினாங்கோ.”

என்ன ஃபீஸ்? கடனிலிருந்து மீள வழி சொன்னதற்கு ஃபீஸ்.

அக்காவுக்கு அப்போது ஐந்து கடன். தண்டல் இரண்டு, தினம் இருநூறு ரூபாய். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் இரண்டு, வாரம் 650, 800. அடகுக் கடையில் மகளின் சங்கிலி, மாத வட்டி 900. கூட்டிப் பாருங்கள். மாதம் பதின்மூன்றாயிரத்தைத் தாண்டுகிறது. மீதியில் வாடகை, அரிசி, பேரனின் ஸ்கூல் எல்லாம்.

தண்டல் தெரியாத தென்சென்னை வாசகர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது ஒன்பதாயிரம். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்டால் ‘பத்து பர்சென்ட்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் வாங்கியவர் கையில் இருப்பது நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருடக் கணக்கில் சுமார் 80 சதவீதம்.

இது சட்டப்படி குற்றம். சினிமா தயாரிப்பாளர் ஜி.வி. 2003 மே மாதம் தற்கொலை செய்துகொண்டபோது கந்துவட்டி பற்றித் தமிழ்நாடே பேசியது. அதே வருடம் அதீத வட்டித் தடைச் சட்டம் வந்தது. தின வட்டி, மணி நேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தண்டல்காரர் டூ வீலரில் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது மீன் வரத்து குறையும், விலை ஏறும், ஏலத்தில் எடுக்க முதல் போதாது. படகு நிற்கும். தண்டல் நிற்காது.

இந்த நிலைமையில்தான் அக்கா, திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ‘கடன் ஆலோசனை மையம் - சேவை நோக்கில்’ என்ற போர்டைப் பார்த்து ஏறியிருக்கிறார். டை கட்டிய பையன் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, லேப்டாப்பில் தட்டி, “எல்லாத்தையும் ஒண்ணாக்கிடலாம்மா” என்றான். பக்கத்து மேஜையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆள். நாற்பதாயிரம் கடன். இன்ஷூரன்ஸ், பிராசஸிங் போகக் கையில் முப்பத்தேழு சொச்சம். தண்டல் இரண்டும் ஒரு குழுக் கடனும் அடைந்தன. புதிதாக ஒரு மாதத் தவணை வந்தது.

இதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பல கடனை ஒன்றாக்குவது சில பேருக்கு நல்ல வழிதான். ஆனால் அது நடந்தது பிப்ரவரியில். ஏப்ரலில் தடைக்காலம். காசிமேட்டு மீன்காரருக்கு மே மாதத் தவணை எங்கிருந்து வரும் என்று ஆலோசனை சொன்னவர் யோசிக்கவில்லை. மே மாதத் தவணை நின்றது. ஆள் வீட்டுக்கு வந்தார். அதைக் கட்ட அக்கா மறுபடி தண்டல் வாங்கினார்.

“கடனை அடைக்க வழி கேட்டுப் போனேன் தம்பி. இன்னொரு கடனைக் கையில குடுத்து அனுப்சாங்கோ.”

அந்த ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அறக்கட்டளைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்க அக்காவுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இந்த வாரம் நான் எழுத வந்த விஷயமே இதுதான்.

* * *

அதே திருவொற்றியூரில் இன்னொருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். ஞாயிறு காலையில் ஒரு படிப்பகத்தின் பின்னறையில் உட்காருவார். கடன்பட்டவர்கள் வருவார்கள். ஒரு நோட்டில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை தவணை என்று வரிசையாக எழுதுவார். எதை முதலில் அடைப்பது, எதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சொல்வார். தவணையை மாற்றித் தரச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதுவார். வசூலுக்கு வந்தவர் மிரட்டினால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனுக்குப் புகார் எழுதித் தருவார். அவர் அதிகமாகச் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: “இந்தக் கடனை வாங்காதம்மா.” செலவு டீயும் ஜெராக்ஸும். அதுவும் அவர் பென்ஷனிலிருந்து.

போன வருடம் இதை ஒரு டிரஸ்டாகப் பதிவு செய்யலாம் என்று ஆடிட்டரிடம் போயிருக்கிறார். ‘வருமானமே இல்லாதவருக்கு வரிவிலக்கு எதற்கு?’ என்று கேட்பீர்கள். 12ஏபி, 80ஜி பதிவு இல்லாத டிரஸ்ட் எந்தக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தையும் தொட முடியாது. 2021 முதல் விதி அப்படி. மணலியிலும் எண்ணூரிலும் சுற்றிலும் பெரிய பெரிய தொழிற்சாலைகள். அவர்களிடம் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு உதவியாளரின் சம்பளமும் கேட்க வேண்டுமானால்கூட அந்தப் பதிவு வேண்டும்.

ஆடிட்டர் கேட்டாராம்: “சார், இது எந்த வகை தர்மம்?”

கேலிக்காகக் கேட்டதில்லை. சட்டம் அப்படித்தான் கேட்கிறது.

வருமான வரிச் சட்டத்தில் தர்ம காரியம் என்றால் என்ன என்று ஒரு பட்டியல் உண்டு. 1961 சட்டத்தில் அது 2(15) பிரிவு. 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தபோது பிரிவு எண் மாறியது, இலக்கணம் மாறவில்லை. ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவ உதவி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, புராதனச் சின்னங்கள், கடைசியாக ‘பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்த நோக்கமும்’. யோகாவுக்கு 2015-ல் பெயர் சொல்லியே இடம் கொடுத்தார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கொடுப்பது சட்டப்படி தர்மம். கடன்காரன் கழுத்தை நெரிக்கும்போது மூச்சு விட வழி சொல்லிக் கொடுப்பது என்ன என்று பட்டியலில் இல்லை.

சரி, கல்வி என்று சொல்லலாமா? அமெரிக்காவில் அப்படித்தான் சொன்னார்கள். நம்மூரில் முடியாது. கர்நாடகத்தில் பத்திரிகை நடத்திய லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975-ல் சுப்ரீம் கோர்ட், கல்வி என்றால் முறையான பள்ளிப் படிப்பு போன்ற பயிற்சிதான், அறிவு வளர்க்கிற எல்லாமும் கல்வி ஆகிவிடாது என்று சொல்லிவிட்டது. 2022 அக்டோபர் 19 அன்று நியூ நோபிள் வழக்கில் கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தினார்கள்.

மிச்சம் இரண்டு. ஏழைகளுக்கு உதவி, அல்லது பொதுப்பயன். ஆடிட்டர் பொதுப்பயனில் போடச் சொன்னாராம். பத்திரமாக இருக்குமாம். அங்கேதான் பொறி இருக்கிறது.

பொதுப்பயன் என்ற பெயரில் வியாபாரம் செய்கிறார்கள் என்று 2008-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிறகு பலமுறை மாற்றி, கடைசியில் ஒரு வரம்பு வைத்தார்கள். பொதுப்பயன் அமைப்பு ஃபீஸ் வாங்கி வியாபாரம் மாதிரி ஏதாவது செய்தால், அந்த வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருடம் விலக்கு இல்லை. 2022-ல் அதே அக்டோபர் 19 அன்று, ஆமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விளக்கியது. செலவுக்குச் சரியாகவோ சொற்பமாக மேலேயோ வாங்கினால் அது வியாபாரம் இல்லை. கணிசமாக மேலே போனால் வியாபாரம், அப்போது வரம்பு பாயும்.

இப்போது நம் இரண்டு கதாபாத்திரங்களையும் இந்தத் தராசில் வையுங்கள்.

படிப்பகப் பெரியவர் ஜெராக்ஸ் செலவுக்காக, முடிந்தவர்களிடம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வேறு வரவே கிடையாது. மொத்த வரவில் ஃபீஸ் எவ்வளவு? கிட்டத்தட்ட நூறு சதவீதம். ‘இது வியாபாரம் இல்லை, செலவுக்கு வாங்கினது’ என்று அவர் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டும்.

மாடி மேலே இருக்கும் மையம்? கடன் கொடுக்கும் கம்பெனிகள் அங்கே லட்ச லட்சமாகப் பணம் போட்டு, அதை நன்கொடை என்று எழுதினால், மொத்த வரவு பெரிதாகிவிடும். ஏழைகளிடம் வாங்கும் ஃபீஸ் அதில் ஐந்து சதவீதமோ, ஆறு சதவீதமோ. வரம்புக்குள் அடங்கிவிடும். அந்த ஃபீஸையும் ‘நன்கொடை’ என்றே ரசீது போட்டுவிட்டால் சைபர்!

சட்டம் ‘எவ்வளவு வாங்கினாய்?’ என்று கேட்கிறது. ‘யாரிடம் வாங்கினாய்?’ என்று கேட்க மாட்டேன் என்கிறது. கடன் ஆலோசனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த இரண்டாவதுதான்.

* * *

இது என் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்களுக்காக அமெரிக்கக் கதை.

அங்கே கடன் ஆலோசனைக்கான தேசிய அமைப்பு 1951-லேயே வந்துவிட்டது. தொடங்கி வைத்தவர்களே கடன் கொடுப்பவர்கள்தான். இந்த மாதிரி அமைப்புகள் தர்மமா என்ற கேள்வி 1969-லேயே வரித்துறைக்கு வந்தது. தர்மம்தான், கல்விதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பிறகு துறை கொஞ்சம் பின்வாங்கியது. அலபாமாவின் ஆலோசனை அமைப்பு ஒன்று கோர்ட்டுக்குப் போய் 1978-ல் ஜெயித்தது. சொற்பக் கட்டணம், கட்ட முடியாதவருக்கு அதுவும் இல்லை, முக்கிய வேலை மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. ஆகவே வரிவிலக்கு உண்டு.

நியாயமான தீர்ப்பு. ஆனால் கிரெடிட் கார்டு பெருகியதும் அந்தத் தீர்ப்பின் நிழலில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அமெரிடெப்ட் என்று ஒரு ‘லாப நோக்கில்லாத’ அமைப்பு. முன்பணம் கிடையாது என்று விளம்பரம். கடன்பட்டவர் கடனை அடைக்க என்று அனுப்பிய முதல் மாதப் பணம் கடன்காரருக்குப் போகவில்லை. அமைப்பே எடுத்துக்கொண்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? தானாக முன்வந்து கொடுத்த நன்கொடை!

காசிமேட்டு அக்காவின் ரசீதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். வேலையெல்லாம் பக்கத்திலேயே இருந்த லாப நோக்குள்ள கம்பெனிக்குப் போனது. 2003 நவம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டது. 2006 மே மாதம் வரித்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தணிக்கை முடித்த கடன் ஆலோசனை அமைப்புகள் 41. அத்தனைக்கும் வரிவிலக்கு ரத்து, அல்லது ரத்து செய்ய நோட்டீஸ், அல்லது வேறு வகையில் முடித்துவைப்பு. நாற்பத்தொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அதே வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் வரிச் சட்டத்தில் கடன் ஆலோசனைக்கென்றே தனிப் பிரிவு சேர்த்தது. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை பொதுமக்கள் பக்கம் இருக்க வேண்டும். பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆலோசனை கேட்க வந்தவருக்கே கடன் கொடுக்கக் கூடாது. ஆள் அனுப்பியதற்கு கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. கடன்காரர்கள் தவணை வசூலுக்காகத் தரும் பணம் மொத்த வரவில் பாதியைத் தாண்டக் கூடாது.

பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ‘யார் காசு?’ என்ற கேள்விதான்.

* * *

நம்மூரில் இது யாருக்கும் தோன்றவே இல்லையா? தோன்றியது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

2006-ல் பேங்க் ஆஃப் இந்தியா மும்பையில் ‘அபய்’ என்று ஒரு கடன் ஆலோசனை மையம் திறந்தது. 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு மாதிரித் திட்டமே வெளியிட்டது. வங்கிகள் டிரஸ்டோ சொசைட்டியோ அமைத்து நிதிக் கல்வி, கடன் ஆலோசனை மையங்கள் நடத்தலாம். சேவை இலவசம். மையம் தாய் வங்கியிலிருந்து கையெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். பணியில் இருக்கும் வங்கி அதிகாரிகள் டிரஸ்ட் குழுவில் இருக்கக் கூடாது. வங்கியின் சரக்கை விற்கும் இடமாக அது மாறிவிடக் கூடாது.

அருமையான விதிகள். என்ன ஆயிற்று? 2012 ஜூனில் திட்டத்தை மாற்றி அமைத்தார்கள். பெயர் ‘நிதிக் கல்வி மையம்’ என்று சுருங்கியது. ‘கடன் ஆலோசனை’ பெயரிலிருந்தே போய்விட்டது. இப்போது முகாம் நடக்கிறது. பேனர் கட்டுகிறார்கள். சேமியுங்கள், கணக்குத் தொடங்குங்கள், ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள் என்கிறார்கள். எல்லாம் தேவைதான். ஐந்து கடனில் சிக்கியவருக்குச் சேமிப்பின் அருமை பற்றி வகுப்பு எடுப்பதை எதில் சேர்ப்பது?

காலியான இடம் காலியாகவே இருக்காது. மாடி மையங்கள் வந்தன. ‘லோன் செட்டில்மென்ட் செய்து தருகிறோம்’ என்று ஃபோனில் அழைக்கிறவர்கள் வந்தார்கள்.

ஏழைக்கு உதவி என்று தொடங்கிய பணம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நம்மிடம் பாடம் உண்டு. எஸ்.கே.எஸ். 1990-களின் இறுதியில் ஆந்திராவில் லாப நோக்கில்லாத சொசைட்டியாகத் தொடங்கியது. பிறகு நிதி நிறுவனம் ஆனது. 2010-ல் பங்குச் சந்தைக்குப் போனது. அதே வருடம் அக்டோபரில், மைக்ரோ ஃபைனான்ஸ் கெடுபிடிகளைத் தாங்காமல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது.

நெல்லையையும் மறந்துவிடக் கூடாது. 2017 அக்டோபர் 23. கந்துவட்டிக் கொடுமைக்காகக் கலெக்டர் அலுவலகத்தில் மனு மேல் மனு கொடுத்த குடும்பம், கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், அதே வளாகத்தில் தீக்குளித்தார்கள். கடன் ஆலோசனை என்பது ஏ.சி. அறையில் பேசும் பட்ஜெட் பிளானிங் சமாசாரம் என்று நினைப்பவர்கள் அந்த நாளை நினைத்துக்கொள்ளட்டும்.

* * *

இதை எழுதுவதற்கு முன்னால், என்னோடு படித்த ஆடிட்டர் நண்பரிடம் வாதாடினேன்.

“நீ உணர்ச்சிவசப்படறே” என்றான். “ஆலோசனைங்கிறது ஒரு தொழில். நானும்தான் ஆலோசனை சொல்றேன். எனக்கு யார் வரிவிலக்கு தர்றாங்க?”

டாக்டரும் தொழில்தான் செய்கிறார். அவரே இலவச ஆஸ்பத்திரி நடத்தினால் அது மருத்துவ உதவி. நீயும் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வந்து உட்கார், உனக்கும் கேட்கிறேன் என்றேன். மேலும், இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். மத்திய நேரடி வரி வாரியம் 2008 டிசம்பரில் வெளியிட்ட 11-ஆம் எண் சுற்றறிக்கை, ஏழைகளுக்கு உதவி என்பதற்கு விரிவான பொருள் சொல்கிறது. நலிந்த பெண்கள், சிறு விவசாயிகள், வறுமையில் வாடும் கைவினைஞர்கள், ஆதரவு தேவைப்படும் முதியவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். காசிமேட்டு அக்கா இதில் வரமாட்டாரா? ஏழைகளுக்கு உதவி என்ற தலைப்பில் போட்டால் அந்த 20 சதவீத வரம்பும் பாயாது. படிப்பகப் பெரியவரைப் பொதுப்பயன் கூண்டில் நிறுத்துவதே தப்பு.

நண்பன் விடவில்லை. “பிரிட்டன்ல ஸ்டெப்சேஞ்ச்னு ஒரு பெரிய கடன் ஆலோசனை அமைப்பு. கடன் குடுக்கிற கம்பெனிகள் பணத்துலதான் ஓடுது. பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம். கடன்பட்டவங்களுக்கு முழுக்க இலவசம். உன் லாஜிக்படி அதுவும் ஃபிராடா?”

நல்ல கேள்வி. இல்லை, அது ஃபிராடு இல்லை. இங்கேதான் நான் என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடன் கொடுப்பவர் காசே ஆகாது என்பதில்லை. அந்தக் காசு வெளிப்படையாக இருக்க வேண்டும், மேலே ஒரு கண்காணிப்பாளர் இருக்க வேண்டும். அங்கே நிதி ஒழுங்கு ஆணையம் இருக்கிறது. இன்னொன்றும் செய்கிறார்கள். நிதி நிறுவனங்களிடம் வரி மாதிரி வசூலித்து, ஒரு பொது உண்டியலில் போட்டு, அதிலிருந்து இலவச ஆலோசனைக்குச் செலவழிக்கிறார்கள். உண்டியலுக்குள் போன காசுக்கு முகம் கிடையாது. ஆலோசனை சொல்பவர், ‘இந்தக் கம்பெனியின் கடனை வாங்காதே’ என்று தைரியமாகச் சொல்லலாம். ஓர் ஆள் பிடித்துத் தந்தால் இவ்வளவு என்று வாங்கும் காசு அப்படி இல்லை. அது வாயைக் கட்டிவிடும்.

அந்த உண்டியல் நம்மிடமும் இருக்கிறது. வங்கிகளில் பத்து வருடமாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் பணம் 2014 முதல் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. சொந்தக்காரர் வந்து கேட்டால் திருப்பித் தரவேண்டும். அதில் தகராறு இல்லை. அந்த நிதியில் ஒரு பங்கைச் சுதந்திரமான கடன் ஆலோசனைக்குக் கொடுக்கட்டும். ராயபுரத்தில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, எண்ணூரில் ஒன்று என்று தொடங்கட்டும்.

வரித்துறைக்கு என் கோரிக்கை இன்னும் சின்னது. கடன் ஆலோசனை என்று சொல்லிப் பதிவு கேட்டு வருகிற ஒவ்வொரு டிரஸ்டிடமும் நாலே கேள்வி கேளுங்கள். கடன் கொடுக்கும் எந்த நிறுவனத்திடம் எவ்வளவு வாங்கினீர்கள்? ஆலோசனை கேட்டு வந்தவர்களில் எத்தனை பேரைப் புதிய கடனுக்கு அனுப்பினீர்கள், அதற்கு என்ன கிடைத்தது? பணம் இல்லை என்று சொன்னவரைத் திருப்பி அனுப்பினீர்களா? ஃபீஸாக வாங்கியதை நன்கொடை என்று ரசீது போட்டீர்களா? இந்தப் பதில்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையதளத்தில் போடுங்கள். தேறுகிறவருக்கு ஏழைகளுக்கு உதவி என்ற தலைப்பில் முழு விலக்கு கொடுங்கள். தேறாதவர் கடை நடத்தட்டும், கடைக்கு உண்டான வரியைக் கட்டட்டும். ‘அறக்கட்டளை’ என்று மட்டும் போர்டு வைக்க வேண்டாம்.

இது நம் காசு என்பதையும் மறந்துவிட வேண்டாம். பழைய வரித்திட்டத்தில் 30 சதவீதம் வரி கட்டும் ஒருவர் 80ஜி-யில் ஒரு லட்சம் கொடுத்தால், பாதிக்குக் கழிவு. அரசுக்கு வரவேண்டிய வரியில் பதினைந்தாயிரம் குறையும். அந்தப் பதினைந்தாயிரம் அக்கா சோப்பு வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி. உட்பட எல்லோரும் சேர்ந்து போட்ட பொதுப் பணத்திலிருந்து போகிறது. தர்மத்துக்குப் போனால் சந்தோஷம். ஆள் பிடிக்கும் கமிஷன் கடைக்குப் போனால்?

அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 80ஜி என்றால் என்ன என்று விளக்கினேன். வருமான வரி கட்டுகிறவர்களுக்குத்தான் கழிவு, உங்களுக்கு ஒன்றும் வராது அக்கா என்றேன்.

“அப்ப எனக்கு எதுக்குக் குடுத்தாங்கோ இதை?”

எனக்குப் பதில் வரவில்லை. வரிவிலக்குப் பதிவு கொடுக்கும் வருமான வரி ஆணையரின் அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். ரசீதின் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். அக்கா கேட்ட கேள்வியை அப்படியே மேலே எழுதி, ஆணையருக்கு இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். ஒரிஜினல் அக்காவிடமே இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.